கூரை இருக்கிறவனுக்குத்தான் சூரியனா?

சூரியன் எல்லோருக்கும் பொது என்கிறார்கள். மகத் குளமும் பொதுக்குளம்தான். 1927இல் அதில் ஒரு கை தண்ணீர் அள்ளியதற்கு நம் சனங்களுக்கு அடி விழுந்தது. ஆகவே தோழர்களே, 'பொது' என்று எவனாவது சொன்னால் கொஞ்சம் நின்று கேட்போம்.

எங்கப்பா காஸ் லைட் தூக்கியவர். ஊர்த்தெருவில் கல்யாண ஊர்கோலம் என்றால் பம்ப் அடித்து, மேண்டில் வெளுத்ததும் சும்மாடு வச்சுத் தலையில ஏத்திக்குவார். வெளிச்சம் ஊருக்கு, சூடு அவர் மண்டைக்கு. எங்க வீட்டில் சிம்னி விளக்கு. பிறகு குடிசைக்கு இலவசமாக ஒத்த பல்பு வந்தது. அதில்தான் படித்தேன், மறுக்கவில்லை. ஆனால் 1990இல் எல்லா விவசாயிகளின் பம்புசெட்டுக்கும் மின்சாரம் இலவசமானது. நிலம் உள்ளவனுக்குக் குதிரைத்திறன், நிலமற்றவனுக்கு ஒத்த பல்பு. மின்சாரம் எப்பவும் சொத்தைத் தேடித்தான் போகும்.

இப்போது வீட்டுக்கூரையில் சோலார். 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டத்துக்கு ஒரு கோடி வீடுகள் இலக்கு. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 மானியம். கேட்க நல்லாத்தான் இருக்கு. வங்கிக் குமாஸ்தாவான எனக்கு வேறு கேள்விகள் வருகின்றன. சொந்த வீடு இருக்கா? கூரை தாங்குமா? மின் இணைப்பு யார் பேரில்? ஒரு கிலோவாட்டுக்கே நிழல் விழாத 100 சதுர அடி வேணும். தகடு மாட்டிய பிறகுதான் மானியம் கணக்கில் ஏறும். ஈடில்லாமல் கடன் உண்டு, ஆனால் தவணை கட்டணுமே! ஓலைக்கூரை முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். 2011இல் தமிழக அரசு அறிவித்த பசுமை வீட்டில் ஐந்து சூரிய விளக்குகள் இருந்தன. அதற்கும் 300 சதுர அடிக்குப் பட்டா கேட்டார்கள்.

அம்பேத்கர் சட்டம் மட்டும் எழுதியவர் அல்ல. 1943இல் வைசிராய் நிர்வாகக் குழுவில் அவர் பொறுப்பில் மின்சாரமும் இருந்தது. அது தனியார் கையிலா, அரசின் கையிலா என்ற கேள்வியை அப்போதே எழுப்பினார். மலிவான, தாராளமான மின்சாரம் இல்லாமல் தொழில் வளராது, வறுமை ஒழியாது என்பது அவர் வாதம். தனித்தனிக் கூரையாகப் பிரித்துக் கொடுப்பது அந்த வழி அல்ல.

இதே 2024 திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுத் தேவைக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கிறது. ஆக, பொதுக்கூரை என்பது அரசுக்குத் தெரியாத சங்கதி இல்லை. அப்படியானால் சேரியையும் ஒரு சங்கமாகக் கணக்கெடு. சமுதாயக் கூடம், ஆதிதிராவிடர் நலப் பள்ளி, விடுதி இவற்றின் மேல் தகடு மாட்டு. விளைகிற யூனிட்டைச் சேரி வீடுகளின் மீட்டரில் கழி. மாட்டவும் பழுதுபார்க்கவும் நம்ம பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடு. இல்லாவிட்டால் ஊரான் வீட்டு மாடியில் தகடு துடைக்கிற கூலிக்கு மட்டும் நம்மைக் கூப்பிடுவார்கள்.

மாணவத் தோழர்கள் தங்கள் சேரியின் பொதுக்கூரைகளை அளந்து எழுதுங்கள். அடுத்த கிராமசபையில் அந்தத் தாளோடு எழுந்து நின்று தீர்மானம் கேளுங்கள்.