ஜன்னலைப் பார்ப்பவனைத் திட்டும் முன்...



"டேய், உடம்பு இங்க இருக்கு, மனசு எங்கடா இருக்கு?" ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது நம் வகுப்புகளில் காதில் விழும் கேள்வி இது. மாட்டிக்கொண்டவன் எழுந்து நிற்பான். "ஒண்ணும் இல்ல சார்" என்பான். வகுப்பே சிரிக்கும். அத்தோடு விஷயம் முடிந்துவிடும். அப்படி முடியக் கூடாது என்பது என் கருத்து. ஏனென்றால் அந்த "ஒண்ணும் இல்ல" விஞ்ஞானப்படி சுத்தப் பொய்!

மூளை நம் உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அதுவே வாங்கிக்கொள்கிறது. கஷ்டமான கணக்குப் போடும்போதுதான் இவ்வளவு செலவு என்று நினைத்தால் தப்பு. சும்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாலும் செலவு கிட்டத்தட்ட இதேதான். ஒரு வேலையில் மும்முரமாக இறங்கினால் அதற்கு மேல் கூடுவது 5 சதவீதத்துக்கும் குறைவு. அப்படியானால் சும்மா இருக்கும்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ரெய்க்கிள் என்ற விஞ்ஞானியின் குழு இதைத் தேடிப் போனது. ஸ்கேன் கருவிக்குள் படுத்திருப்பவருக்கு ஒரு வேலை கொடுத்தால் மூளையில் சில இடங்கள் சுறுசுறுப்பாகும். அது எல்லாரும் எதிர்பார்த்ததுதான். ஆனால் வேறு சில இடங்கள் வேலை கொடுத்ததும் அடங்கின, சும்மா விட்டதும் மறுபடி எழுந்தன! நெற்றிக்குப் பின்னால் நடுவில் ஒன்று, பின்பக்கம் நடுவில் ஒன்று என்று தள்ளித் தள்ளி இருந்தாலும் இவை ஒரே கோஷ்டியாக ஏறி இறங்குகின்றன என்பது பிறகு தெரிந்தது. 2001-ல் ரெய்க்கிள் குழு இந்த நிலைக்கு 'டீஃபால்ட் மோட்' என்று பெயர் வைத்தது. புது செல்போனில் நாம் எதையும் மாற்றாவிட்டால் தானாக ஒரு ரிங்டோன் வருமே, அந்த மாதிரி.

அந்த ரிங்டோனில் அதிகம் ஒலிப்பது 'நான்'. 2002-ல் டார்ட்மத் கல்லூரியில் செய்த ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒருவரின் குணத்தைச் சொல்லும் வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் காட்டி மூன்று விதமாகக் கேட்டார்கள். இது உனக்குப் பொருந்துமா? அதிபர் புஷ்ஷுக்குப் பொருந்துமா? பெரிய எழுத்தில் இருக்கிறதா? நெற்றிக்குப் பின்னால் உள்ள அந்த நடுப்பகுதி மற்ற கேள்விகளுக்கு அடங்கியது. 'உனக்கு' என்றபோது மட்டும் அடங்காமல் நின்றது. பிறகு ஞாபகம் இருக்கிறதா என்று சோதித்தால், தன்னோடு சேர்த்துப் பார்த்த வார்த்தைகள்தான் அதிகம் நினைவில் இருந்தன. (பரீட்சைக்குப் படிப்பவர்கள் குறித்துக்கொள்ளவும்!)

2007-ல் வந்த இன்னொரு ஆராய்ச்சியில், சீனர்களுக்குத் தங்களைப் பற்றி யோசிக்கும்போது மட்டுமல்ல, அம்மாவைப் பற்றி யோசிக்கும்போதும் அதே இடம் சுறுசுறுப்பானது. மேற்கு நாட்டவர்களிடம் அப்படி இல்லை. கொஞ்சம் பேரை வைத்துச் செய்ததுதான், ரொம்ப நீட்டிப் பேச முடியாது. ஆனாலும் படித்ததும் மனசுக்குள் ஏதோ செய்தது.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். விடைத்தாள் கொடுத்த மறுநாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பவனின் 'நான்' எப்படி இருக்கும்? "நான் எதுக்கும் லாயக்கில்ல. அப்பாகிட்ட எப்படிக் கையெழுத்து வாங்குவேன்?" இதே ரெக்கார்டு திரும்பத் திரும்ப ஓடும். மனச்சோர்வு நோய் உள்ளவர்களை ஸ்கேன் செய்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், படங்களைப் பார்க்கும் வேலை கொடுத்தபோதும் இந்தக் கோஷ்டி அடங்க வேண்டிய அளவுக்கு அடங்கவில்லை. அதற்காக ஜன்னலைப் பார்ப்பவன் எல்லாம் நோயாளி என்று சொல்லவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 2010 ஆய்வில் 2,250 பேரைச் செல்போன் மூலம் அவ்வப்போது கேட்டுப் பார்த்ததில், கேட்ட நேரத்தில் ஏறக்குறையப் பாதி, மனசு வேறெங்கோதான் இருந்தது. பெரியவர்களுக்கே அந்தக் கதி!

வகுப்பில் கனவு காண அனுமதி கேட்டு நான் இதை எழுதவில்லை. பாடம் நடக்கும்போது கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் நாற்பது பேர் முன்னால் "எங்கடா இருக்க?" என்று கேட்டால், அந்த ரெக்கார்டில் இன்னொரு வரி சேரும், அவ்வளவுதான். அதனால் ஆசிரியர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மணி அடித்த பிறகு வராந்தாவில் தனியாகக் கூப்பிட்டு, "என்னப்பா யோசனை?" என்று கேளுங்கள். முதல் தடவை "ஒண்ணும் இல்ல சார்" என்றுதான் சொல்வான். இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை கேளுங்கள். பக்கத்து பெஞ்சில் இருக்கும் நாமும் கேட்கலாம், சிரித்து முடித்த பிறகாவது.

– பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி