திருநம்பியர்க்குச் சுற்றம் யாது?

மாந்தர்க்கு உணவும் உடையும் உறையுளும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதது சுற்றம். நோயுற்றபோது அருகிருப்பாரும், மனங்கலங்கியபோது தேற்றுவாரும் இல்லாதவன் செல்வனாயினும் வறியனே. இச்சுற்றத்தை ஒருங்கே இழக்கும் நிலை நம்மிடை வாழும் ஒரு சாரார்க்கு நேர்கின்றது. அவரே திருநம்பியர். பெண்ணென்று பெயரிட்டு வளர்க்கப்பெற்றும், தம்மை ஆடவராகவே உணர்ந்து ஆடவராகவே வாழ விழைவோர் இப்பெயராற் குறிக்கப்பெறுவர்.

இவர் இக்காலத்துப் புதிதாகத் தோன்றினாரல்லர். பெண்மையை விடுத்து ஆண்மையை அவாவுவாரை ஆண்பாலாகக் கொள்ளுமாறு நன்னூலார் பெயரியலில் விதித்தார். அவரை அஃறிணைபோற் கூறுதலும் உண்டு என அவ்விடத்தே அவர் உரைத்ததனையும் மறைத்தற்கில்லை. இவ்விரு வழிகளுள் முன்னையதையே நம் நாட்டு நீதி தேர்ந்துகொண்டது. தாம் உணரும் பாலினத்தைத் தாமே உரைக்கும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டென 2014 ஏப்ரல் 15-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகையோரை மருத்துவத்தால் மாற்ற முயலுதல் கூடாதென 2021 ஜூன் திங்களில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள் ஆணையிட்டனர்.

நிற்க. நீதிமன்றம் உரிமையை வழங்கலாம். உறவை வழங்குதல் அதற்கு இயலாது. திருநங்கையர்க்கு இடுக்கண் பலவாயினும், ஜமாத் என்னும் பழைய அமைப்பு உண்டு. அதன்கண் மூத்தார் தாயாகி இளையாரை மகளாக ஏற்பர். கூவாகத்துச் சித்திரைத் திருவிழாவில் அவர் ஆண்டுதோறும் ஒன்றுகூடுவர். திருநம்பியர்க்கோ இத்தகைய தொன்மரபு இல்லை. பெண்பிள்ளை என்று கருதி இல்லத்துள் அடைத்து வைப்பதாலும், விரும்பா மணத்திற்கு வற்புறுத்துவதாலும், அவருள் ஒருவரையொருவர் காண்டலே அரிதாகின்றது. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு தமிழ்நாட்டில் 22,364 பேரைப் ‘பிறர்’ என்று எண்ணிற்று. அவருள் நம்பியர் எத்துணையர், நங்கையர் எத்துணையர் என்று அது பிரித்துக் காட்டவில்லை.

தனிமையின் துயருக்கு மைக்கேல் டில்லன் என்பாரின் வரலாறு சான்றாகும். 1915-இல் இலண்டனிற் பிறந்து, ஆடவராக மாறி, மருத்துவராகிக் கப்பலிற் பணியாற்றிய அவரது மறையை 1958-இற் செய்தித்தாள்கள் வெளிப்படுத்தின. அவர் நம் நாட்டிற்கு வந்து பௌத்தத் துறவு பூண்டு, 1962-இல் டல்ஹௌசியில் உயிர்நீத்தார். கல்வியும் பொருளும் உடையராய அவர்க்கும் புகலிடம் அரிதாயிற்று. பின்னர் 1986-இல், சான் பிரான்சிஸ்கோ நகரில் லூ சல்லிவன் என்பார் தம்போன்றாரைக் கூட்டி ஒரு கழகம் கண்டார். மடல்களாலும் இதழாலும் தொலைவிலுள்ளாரையும் இணைத்தார். நம் நாட்டில் 1998-இல் சத்யா ராய் நாக்பால் தொடங்கிய ‘சம்பூர்ணா’ திருநர் பலரைப் பிணைத்தது. தாமே தமக்குச் சுற்றமாதல் இயலும் என்பது இவற்றால் விளங்கும்.

இனி நம் ஊரை நோக்குவோம். 2023 டிசம்பரிற் கிளாம்பாக்கத்துப் பேருந்து நிலையம் திறக்கப்பெறுங்காறும், தென்மாவட்டத்தார் பலர் வைகறையில் வந்திறங்கிய இடம் பெருங்களத்தூர். இன்றும் தொழில் நாடியும் கல்வி நாடியும் வருவோர் இங்கும் தாம்பரத்தும் அறையெடுத்துத் தங்குகின்றனர். அவருள் ஒரு திருநம்பி இருப்பின், அவர்க்கு வேண்டுவன யாவை? ஓரிரவு தங்க இடம், வினவாது உண்பிக்கும் கை, அரசுச் சான்றுக்கு விண்ணப்பம் எழுதத் துணை, மருத்துவமனைக்கு உடன் வரும் தோழன் ஆகியனவே. மார்பை இறுகக் கட்டுதலால் மூச்சும் விலாவும் வருந்தும் என்பதையும், டெஸ்டோஸ்டிரோன் ஊசி குருதியிற் செவ்வணுக்களை மிகுவிக்குமாதலின் மருத்துவர் ஆய்வின்றி அதனைக் கொள்ளலாகாது என்பதையும், அவ்வழியே நடந்தார் கூறின் அன்றோ இளையோர் செவிகொடுப்பர்? ஆதலின் திருநம்பியரே நடத்தும் துணைக்கூட்டம் ஒன்று இப்பகுதிக்கு வேண்டும் என்பது எம் துணிபு.

பயிற்சியில்லாதார் பிறரைத் தாங்கப் புகுந்தால் இருவரும் வீழ்வர் என்பாருமுளர். அவர் அச்சம் பொருளற்றதன்று. ஆயினும் அதற்கு மருந்து கூட்டத்தைத் தவிர்த்தலன்று, நெறிப்படுத்தலே. கேட்டதைப் புறத்தே உரையாமை முதல் நெறி. தீர்வு தன் ஆற்றலுக்கு மேற்பட்டதாயின் தாழாது மருத்துவரிடம் சேர்ப்பித்தல் இரண்டாவது. ஒருவரே நள்ளிரவெல்லாம் பிறர் துயர் கேட்டுச் சோராவண்ணம் முறைவைத்துப் பணிபுரிதல் மூன்றாவது. பிறர்க்குத் தோள் கொடுப்பானுக்கும் ஒரு தோள் வேண்டும் என்பதை மறந்த கூட்டம் நெடுநாள் நில்லாது.

கல்லூரித் தோழர்காள்! இக்கூட்டத்தை ஆளுதல் நம் கடனன்று; அதற்கு இடம் கொடுத்தலே நம் கடன். அவர் சொல்லும் பெயரால் அவரை அழைப்போம். உடலைப் பற்றி வினவாதிருப்போம். அறை வேண்டி வருவார்க்கு நம் விடுதியறிவும், விண்ணப்பம் எழுத நம் தமிழறிவும் பயன்படுக. ‘அவன்’ என்னும் ஒரு சொல்லை உரியவர்க்கு வழங்குதற்கு யாதொரு பொருட்செலவும் இல்லை. இலக்கணம் கற்ற நாமே அதனை வழங்கத் தயங்கின், நாம் கற்றதன் பயன்தான் யாது?