கண்ணாடிக்குள் வராத வெயில்

நாகர்கோவில் பக்கத்திலிருந்து நாள்தோறும் ரயிலேறித் தம்பானூரில் இறங்கி, அலுவலகங்களுக்கு விரையும் தமிழர் பலர் உளர். வெயில் ஏறுமுன் கட்டிடத்துக்குள் நுழையும் நாம், அது சாய்ந்த பின்னரே வெளியேறுகிறோம். நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரை பாகை தொலைவே உள்ள நகரில், வைட்டமின் டி குறைவு என்பது கவுன்ட்டருக்கு இருபுறமும் அடிக்கடி கேட்கும் பேச்சாகிவிட்டது.

சன்னலோரம் அமர்ந்தால் போதும் என்று எண்ணுவோர் உண்டு. தோலில் இவ்வைட்டமினை உருவாக்கும் புறஊதா பி கதிரைச் சாதாரணக் கண்ணாடியே பெரும்பாலும் தடுத்துவிடும். காலை, மாலைச் சாய்வெயிலிலும் அது குறைவு. கருநிறத் தோலுக்கோ கூடுதல் நேரம் வேண்டும்.

குறைவு மிகுந்தால் எலும்பு வலியும் தசைத் தளர்ச்சியும் வரும். மனச்சோர்வும் அதனால்தானா? மனம் சோர்ந்தவர்களுள் பலரிடம் இக்குறைவு காணப்படுவது உண்மை. ஆனால், சோர்ந்தவர் வெளியே வருவதே அரிது; வெயில் படாததாலும் குறையுமன்றோ? வணிகவியல் படித்த நமக்கு, ஒரே பக்கத்தில் இரு பதிவுகள் இருப்பதாலேயே ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததாகக் கொள்ள மனம் வருவதில்லை. அமெரிக்காவில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன 18,353 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2020இல் வெளியாயிற்று. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் நாள்தோறும் 2,000 யூனிட் உட்கொண்டவர்க்கும், மருந்தில்லா மாத்திரை பெற்றவர்க்கும் மனச்சோர்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அவர்களுள் பெரும்பாலோர்க்குத் தொடக்கத்தில் குறைவு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே, குறைவுள்ளவர் மருத்துவர் சொன்னபடி ஈடுசெய்வதே முறை. உற்சாகத்துக்கான மருந்தாக அதைக் கருதுவதையே நாம் ஏற்கவில்லை.

உயிர்வாழ்வுச் சான்று அளிக்க வந்த ஓய்வூதியர் ஒருவர், 60,000 யூனிட் பொட்டலங்களைத் தாமே வாங்கி, மாதக்கணக்கில் விடாது உட்கொண்டு வந்ததாகச் சொன்னார். மனைவியை இழந்தபின் எதிலும் பிடிப்பில்லையாம். மருந்துக் கடைக்காரர் கொடுத்தாராம். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் மிகுந்து சிறுநீரகம் கெடக்கூடும் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அதைவிட, அவர் துயரத்தைப் பற்றி யாரும் கேட்கவுமில்லை. மருத்துவரைப் பார்க்கச் சொன்னோம். மனநல ஆலோசனைக்கு அரசு நடத்தும் டெலி மானஸின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணையும் எழுதிக் கொடுத்தோம். எண்ணைப் பாஸ்புக்கின் பின்னட்டையிலேயே குறித்துத் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டார்.