கீசர் வால்வு ஒழுகினால் அடைக்கலாமா?

கேள்வி: “ஐயா, வணக்கம். ராசிபுரம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம். தோட்டத்திலேயே வீடு. மகள் பிரசவத்துக்கு வந்திருப்பதால் ஆவணி மாதம் 15 லிட்டர் கீசர் வாங்கி மாட்டினோம். இரண்டு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு கீசருக்கு அடியில் இருக்கும் சேஃப்டி வால்விலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது. சில நாள் சொட்டுகிறது, சில நாள் பாதி வாளி நிறைகிறது. சொட்டு நீருக்கு மோட்டார் ஓடும் நாளில் அதிகம். பிளம்பர் தம்பி வந்து பார்த்துவிட்டு, ‘இந்த வால்வே தேவையில்லை அக்கா, கழற்றிவிட்டு பிளக் அடித்துவிடலாம், ஐந்து நிமிட வேலை’ என்கிறார். அவரும் அதையே செய்யச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மகளும் கைக்குழந்தையும் அந்தக் குளியலறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?”

- வாசகி ஒருவர், நாமக்கல் மாவட்டம்

பதில்: வாசகியின் மனம் ஒப்பாதது சரியே. அந்த வால்வைக் கழற்றவும் கூடாது, அடைக்கவும் கூடாது. குக்கர் அடிக்கடி விசில் அடிக்கிறது என்பதற்காக வெயிட்டின் மேல் யாரும் கல்லைத் தூக்கி வைப்பதில்லை. கீசரின் சேஃப்டி வால்வும் அதைப் போன்றதுதான்.

அந்த வால்வு எதற்கு?

சூடானால் தண்ணீர் விரியும். 25 டிகிரியில் உள்ள 15 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால், அது சுமார் 200 மில்லி கூடுதல் இடம் கேட்கும். குழாய்கள் மூடியிருக்கும்போது அந்த ஒரு டம்ளர் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. டேங்குக்குள் அழுத்தம் ஏறும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏறினால் வால்வில் உள்ள ஸ்பிரிங் விலகி, கொஞ்சம் தண்ணீரை வெளியே விட்டு, மறுபடி மூடிக்கொள்ளும்.

இந்த வால்வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. உள்ளே போன தண்ணீரைத் திரும்பி வர விடாது. மேல்நிலைத் தொட்டி காலியானாலும் கீசர் டேங்கில் தண்ணீர் நிற்கும். இது இல்லாவிட்டால் டேங்க் வறண்டு, ஹீட்டர் காயில் கருகிப் போகும்.

வால்வை அடைத்துவிட்ட வீட்டில் தெர்மோஸ்டாட்டும், அதற்குத் துணையாக உள்ள கட்-அவுட்டும் பழுதானால் நிலைமை விபரீதமாகும். அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் சூடேறிக்கொண்டே போகும். டேங்க் எங்காவது பிளந்தால் அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி ஒரே கணத்தில் ஆவியாகும். 1 லிட்டர் தண்ணீர் முழுதும் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் அதிகமான இடத்தை அடைக்கும். குளியலறைச் சுவரையே தள்ளிவிடும் வேகம் அதற்கு உண்டு. ஐந்து நிமிட வேலையில் மிச்சமாகும் காசு இந்த ஆபத்துக்கு ஈடாகாது.

எப்போது ஒழுகுகிறது?

இதைக் கவனித்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். கீசர் சூடேறும் நேரத்தில் மட்டும் சொட்டி, ஒரு தடவைக்கு ஒரு டம்ளர் அளவோடு நின்றுவிட்டால் அது பழுது அல்ல, வால்வு ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீர் ஆறிய பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தால் வால்வுக்குள் மணல் துகளோ உப்புப் படிவோ சிக்கியிருக்கலாம், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்.

மோட்டார் ஓடும்போதோ, ஓடி நின்ற பிறகோ ஒழுகினால் குழாயில் வரும் அழுத்தம் அதிகம். வாசகி எழுதியிருப்பதைப் பார்த்தால் அவர் வீட்டில் இந்தக் காரணம்தான் இருக்க வேண்டும். மூன்று மாதமே ஆன வால்வில் உப்புப் படிந்து பழுதாவது அரிது.

மழைக்கும் கீசருக்கும் என்ன சம்பந்தம்?

தோட்ட வீடுகள் பலவற்றில் போர்வெல் மோட்டார் லைனிலிருந்து ஒரு டீ போட்டு வீட்டுக் குழாயில் சேர்த்திருப்பார்கள். மோட்டார் ஓடும்போது தண்ணீர் வேகமாக வரும் என்பதால் இந்த ஏற்பாடு. அப்போது மேல்நிலைத் தொட்டிக்குப் போகும் கேட் வால்வை மூடி வைப்பதும் வழக்கம். சிக்கல் அங்கேதான்.

தண்ணீர் 33 அடி உயரத்துக்கு நின்றால் அடியில் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் இருக்கும். மாடியில் தொட்டி வைத்த ஓட்டு வீட்டிலோ ஒற்றைத் தள வீட்டிலோ கீசருக்கு வரும் அழுத்தம் அரை பார்கூட இருக்காது. மோட்டார் கணக்கு வேறு. வெளியே போகும் வழி மூடியிருக்கும்போது 400 அடி உயரம்வரை தள்ளக்கூடிய ஒரு நீர்மூழ்கி மோட்டாரை எடுத்துக்கொள்வோம்.

கோடையில் போர்வெல்லில் தண்ணீர் 250 அடியில் நிற்கிறது. தரைமட்டத்துக்கு வரவே 250 அடி செலவாகிவிடும். மீதி 150 அடி, அதாவது சுமார் 4.5 பார்.

மழைக்குப் பிறகு தண்ணீர் 100 அடிக்கு ஏறிவிடுகிறது. அதே மோட்டாருக்கு இப்போது மீதி 300 அடி, அதாவது சுமார் 9 பார்.

வீட்டு கீசர்களின் சேஃப்டி வால்வுகள் பெரும்பாலும் 8 பார் அளவில் திறக்கும்படி அமைக்கப்பட்டவை. கோடையில் சும்மா இருந்த வால்வு, மழைக்குப் பிறகு ஒழுகுவதற்கு இதுவே காரணம். நிலத்தடி நீர் ஏறியிருப்பதைத்தான் அந்த வால்வு காட்டுகிறது.

சொட்டு நீர் ஓடிக்கொண்டிருக்கும்போது லைனில் இவ்வளவு அழுத்தம் இருக்காது. ஒரு வயலின் கேட் வால்வை மூடிவிட்டு அடுத்த வயலுக்கு நடந்து போய்த் திறக்கும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். அந்த அழுத்தம் கீசருக்குள் புகுந்துவிட்டால் திரும்பி வர வழியில்லை. மோட்டார் நின்ற பிறகும் உள்ளேயே அடைபட்டிருக்கும். அதன் மேல் தண்ணீரைச் சூடாக்கவும் செய்தால் வால்வு திறக்காமல் என்ன செய்யும்?

காரணத்தை உறுதி செய்யும் சோதனை

1. எம்.சி.பி.யில் கீசரின் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். ஈரத் தரையில் நின்றுகொண்டு பிளக்கைத் தொடக் கூடாது. தண்ணீர் நன்றாக ஆறும்வரை, இரவு முழுவதும் விட்டுவிடுவது நல்லது.

2. மோட்டார் லைனை மூடி, மேல்நிலைத் தொட்டியின் கேட் வால்வைத் திறக்க வேண்டும்.

3. சுடுதண்ணீர்க் குழாயை அரை நிமிடம் திறந்து மூட வேண்டும். உள்ளே அடைபட்ட அழுத்தம் இறங்கிவிடும்.

4. வால்வின் அடியில் ஒரு டம்ளரை வைத்து ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும்.

டம்ளர் காய்ந்தே இருந்தால் வால்வு நல்ல நிலையில் இருக்கிறது, மோட்டார் அழுத்தம்தான் குற்றவாளி. இப்போதும் சொட்டினால் வால்வுக்குள் தூசி இருக்கிறது. வால்வில் சின்ன லீவர் இருந்தால், தண்ணீர் ஆறியிருக்கும்போதே அடியில் வாளி வைத்து மூன்று நான்கு முறை தூக்கித் தூக்கி விட வேண்டும். சிக்கிய மணல் தண்ணீரோடு அடித்துக்கொண்டு வந்துவிடும். அதற்கும் நிற்காவிட்டால் வால்வை மாற்ற வேண்டியதுதான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள். கீசரின் பெயர்ப் பலகையில் எத்தனை பார் என்று போட்டிருக்கிறதோ, அதற்கு மேற்பட்ட அளவுள்ள வால்வை வாங்கக் கூடாது. வால்வின் மேல் உள்ள அம்புக்குறி கீசரை நோக்கி இருக்க வேண்டும்.

நிரந்தரத் தீர்வு

கீசருக்கு மேல்நிலைத் தொட்டியிலிருந்து மட்டும் தண்ணீர் வரும்படி தனி லைன் எடுப்பதே சிறந்தது. மோட்டார் தொட்டியை நிரப்பட்டும், தொட்டி கீசரை நிரப்பட்டும். நடுவில் ஒரு கேட் வால்வைப் போட்டு ‘ஞாபகமாக மூடிக்கொள்ளலாம்’ என்று விடுவது போதாது. என்றாவது ஒரு நாள் மறந்துபோகும்.

லைனைப் பிரிக்கவே முடியாத வீடுகளில், கீசருக்கு முன்னால் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றைப் பொருத்தலாம். வயலில் லைன் மாற்றும்போதும் அடுத்த வயலின் வால்வைத் திறந்துவிட்டுப் பிறகு முதல் வயலை மூடும் பழக்கம் வேண்டும். கீசருக்கு மட்டுமின்றி, பி.வி.சி. பைப்பும் ஃபில்டரும் வெடிக்காமல் இருப்பதற்கும் இது உதவும்.

வால்வின் வடிகால் வாயில் ஒரு பைப்பைச் செருகி, தரைக்குச் சற்று மேலே கண்ணுக்குத் தெரியும்படி முடிக்க வேண்டும். சாதாரண பி.வி.சி. பைப் சூட்டில் இளகிவிடும் என்பதால் சி.பி.வி.சி. பைப் நல்லது. அந்த பைப் கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். அதில் குழாயோ மூடியோ போடக் கூடாது. குழந்தைகள் உட்கார்ந்து குளிக்கும் பக்கமாக அதன் வாய் இருக்கக் கூடாது.

உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில்

டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும் அதே சுண்ணாம்பு உப்புதான் கீசருக்குள்ளும் படிகிறது. சூடு கூடக் கூடப் படிவும் கூடும். தெர்மோஸ்டாட்டை 55 முதல் 60 டிகிரிக்குள் வைத்தால் உப்பும் குறையும், மின்சாரமும் மிச்சம். சொட்டு நீர்க் குழாய்க்கு ஆசிட் விடுவதுபோல கீசருக்குள் ஆசிட் ஊற்றிவிடக் கூடாது, டேங்கின் உள்பூச்சு போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறை மெக்கானிக்கை வைத்துத் திறந்து, படிவை எடுத்து, உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பி கரைந்திருந்தால் மாற்றச் சொல்ல வேண்டும். துருவைத் தன் மேல் வாங்கிக்கொண்டு டேங்கைக் காப்பாற்றுவது அந்தக் கம்பிதான்.

உடனே நிறுத்த வேண்டிய நேரம்

வால்விலிருந்து ஆவியோ கொதிக்கும் தண்ணீரோ பீறிட்டால், டேங்குக்குள் கொதிக்கும் சத்தம் கேட்டால், தெர்மோஸ்டாட் பழுது என்று பொருள். உடனே எம்.சி.பி.யை இறக்கிவிட்டு எல்லோரும் குளியலறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். வால்வையோ குழாயையோ தொடக் கூடாது. முழுதும் ஆறிய பிறகு மெக்கானிக் பார்க்கட்டும்.

60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலைப் புண்ணாக்கிவிடும், குழந்தைக்கு இன்னும் சீக்கிரம். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரைப் பிடித்து, அதில் சுடுதண்ணீரைக் கலந்து, முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும். தப்பித்தவறிப் பட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பேனா மையும் பற்பசையும் மாவும் வேண்டாம்.

பிளம்பரிடம் வாசகி இரண்டு வேலை சொன்னால் போதும். ஒன்று, கீசர் லைனைத் தொட்டியோடு மட்டும் சேர்ப்பது. இரண்டு, வால்வுக்கு வடிகால் பைப் போடுவது. பாதி நாள் வேலை. பிளக்கைப் பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிடலாம்.

கேள்வி: “வீட்டு மாடியில் கண்ணாடிக் குழாய் வைத்த சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. அதன் டேங்கின் மேல் நட்டுவைத்த காற்றுக்குழாயிலிருந்து தண்ணீர் வழிகிறது. அதை மூடி போட்டு அடைக்கலாமா?”

- வாசகர் ஒருவர், ஈரோடு மாவட்டம்

பதில்: கூடாது. தொட்டித் தண்ணீரில் இயங்கும் இந்த வகை சோலார் டேங்குகள் அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. ஆவியும் காற்றும் வெளியேற இருக்கும் ஒரே வழி அந்தக் குழாய். சுடுதண்ணீர் எடுக்கும்போது காற்று உள்ளே போவதற்கும் அதுவே வழி. அதை அடைத்தால் வெயில் நாளில் டேங்க் உப்பிக் கிழியும், தண்ணீர் எடுக்கும்போது உள்வாங்கி நசுங்கவும் கூடும்.

தண்ணீர் வழிவதற்குக் காரணம் பெரும்பாலும் உயரக் கணக்குதான். காற்றுக்குழாயின் வாய், குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியின் நிறைமட்டத்தை விட உயரமாக இருக்க வேண்டும். புதிதாக உயரமான தொட்டி வைத்த வீடுகளிலும், பழைய தொட்டியின் அடியில் செங்கல் அடுக்கித் தூக்கிய வீடுகளிலும் இந்தச் சிக்கல் வரும். தொட்டி நிரம்பிய நேரத்தில் ஒரு ட்யூப் மட்டம் பிடித்துப் பார்த்து, அதற்கு ஒரு அடி மேலே வரும்படி காற்றுக்குழாயை நீட்டினால் வழிவது நின்றுவிடும். சோலார் டேங்குக்கு மோட்டார் லைனை நேராகக் கொடுத்திருந்தால் அதையும் முதலில் பிரித்துவிட வேண்டும்.