ஒரே பொருள், பல குரல்கள்



டிசம்பர் பிறந்தவுடன் நம் சபைகளில் பாடகர் குழு விழித்துக்கொள்கிறது. வேலை முடிந்து லோக்கல் ரயிலில் நெருக்குண்டு வந்திறங்கும் வாலிபர்களும், சமையலை முடித்துவிட்டு விரைந்து வரும் சகோதரிகளும், தேர்வுப் புத்தகத்தோடு வரும் பிள்ளைகளும் நான்கு வாரம் கூடிப் பழகுகிறார்கள். கீத ஆராதனை இனிதே முடிகிறது. ஜனவரியில் பாட்டுத் தாள்கள் அலமாரிக்குள் போய்விடுகின்றன. அடுத்த டிசம்பருக்குள் இரண்டு குடும்பங்கள் வேலை மாற்றலாகி வேறு நகரம் சென்றிருக்கும். மீண்டும் முதலிலிருந்து தொடக்கம். இது உங்களுக்குப் பழகிய காட்சிதானே?

உலகின் பல நகரங்களில் உள்ள சமுதாயப் பாடகர் குழுக்கள் வேறொரு முறையைக் கைக்கொள்கின்றன. பாடுகிறவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். ஆசிரியர்கள், கணக்கர்கள், ஓய்வுபெற்றவர்கள். ஆண்டை மூன்று நான்கு பருவங்களாகப் பிரித்து, ஒவ்வொரு இசை நிகழ்ச்சிக்கும் ஒரு பொருளை முன்கூட்டியே குறித்துக்கொள்கிறார்கள். பாடல்கள் அனைத்தும் அந்த ஒரே பொருளைச் சுற்றியே அமைகின்றன.

இதனால் என்ன நன்மை என்று கேட்பீர்கள். பொருள் இல்லாத இடத்தில், "யாருக்குப் பிடித்த பாடல்? யார் தனியாகப் பாடுவது?" என்ற கேள்விகளே எழும். மனஸ்தாபங்கள் அங்கேதான் முளைக்கின்றன. பொருள் ஒன்று குறிக்கப்பட்டுவிட்டால், "இந்தப் பாடல் இந்தப் பொருளுக்கு உதவுமா?" என்பதே கேள்வி. அப்பொழுது நல்ல குரலுடையவரும் ஒரு பாடலை விட்டுக்கொடுக்க முடியும். விட்டுக்கொடுத்ததால் அவர் தோற்றவர் ஆவதில்லை.

ஹாண்டல் இயற்றிய 'மேசியா' இதற்குச் சிறந்த சான்று. அதன் சொற்களைத் தொகுத்த சார்லஸ் ஜென்னென்ஸ் தம் சொந்த வரிகளைச் சேர்க்காமல், தீர்க்கதரிசனம், பிறப்பு, பாடுகள், உயிர்த்தெழுதல், முடிவான வெற்றி என்னும் வரிசையில் வேத வசனங்களையே கோத்தார். 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளின் நகரில், உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்திய நாட்களில், அது முதன்முதலாக அரங்கேறியது. கூடுதலானோர் அமர இடம் வேண்டுமென்று, பெண்கள் வளையம் வைத்த அகன்ற பாவாடைகளையும் ஆண்கள் வாளையும் தவிர்த்து வரும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். திரண்ட பணம் இரண்டு மருத்துவ நிலையங்களுக்கும், கடனால் சிறைப்பட்டோருக்கும் பகிரப்பட்டது. 142 பேர் விடுதலை பெற்றார்கள். மீட்பரைப் பற்றிய பாடல் மெய்யாகவே சிறைக்கதவைத் திறந்தது! பொருளுக்கு ஏற்ற செயலும் உடன் வந்ததைக் கவனியுங்கள்.

எளியவர்களால் இவ்வளவு முடியுமா என்று தயங்க வேண்டாம். பெர்லினில் 1791இல் தொடங்கிய சிங்-அகாடமி என்னும் குழுவில் பாடியவர்கள் ஊர் மக்களே. 1829 மார்ச் 11 அன்று, இருபது வயது மெண்டல்சன் அவர்களை நடத்த, பாக் இயற்றிய மத்தேயு பாடுகளின் இசையை அவர்கள் பாடினார்கள். பாக் மறைந்து ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் உலகம் மறந்திருந்ததை ஊர்மக்களின் குரல்கள் மீட்டுத் தந்தன.

நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. அகில இந்திய வானொலியில் பணியாற்றிய விக்டர் பரஞ்சோதி மும்பையில் ஒரு பாடகர் குழுவை நிறுவினார். இந்திய இசை நடையைப் பல பாகக் கூட்டிசைக்குள் கொண்டுவந்து பாடலும் அமைத்தார். அவருக்குப்பின் அக்குழுவை நெடுங்காலம் நடத்திய கூமி நாரிமன் வாடியா 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

நம் சபைகள் எப்படித் தொடங்கலாம்? பெரிய வெள்ளியையொட்டிச் சிலுவையைப் பொருளாகக் கொள்ளலாம். பெந்தெகொஸ்தே நாளையொட்டிப் பல பாஷைகளின் துதியைக் கொள்ளலாம்; தமிழோடு இந்தி, மராத்தி, கன்னடம், மலையாளம் எனப் பக்கத்து வீட்டாரின் மொழியிலும் பாடலாம். செப்டம்பரில் 'பயணம்' என்ற பொருள் பொருந்தும். 120 முதல் 134 வரையுள்ள 15 சங்கீதங்கள் ஆரோகண சங்கீதங்கள். யாத்திரை சென்றோர் பாடியவை என்று சொல்லப்படுபவை. ஊரை விட்டு வந்த நமக்கு அவற்றைவிட நெருங்கிய பாடல்கள் ஏது? டிசம்பரில் பிறப்பு.

ஒவ்வொன்றுக்கும் ஆறு பாடல்களும், இடையிடையே சிறு வேதவாசிப்பும் போதும். ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். வாரம் ஒரு மாலை வீதம் எட்டு வாரப் பயிற்சி போதுமானது. டிராக் போட்டு அதன்மேல் பாடுவதை விட்டு, பாகம் பிரித்து, பக்கத்தில் நிற்பவரின் குரலைக் கேட்டுப் பாடப் பழகுங்கள். சோல்ஃபா குறிப்பு பார்த்துப் பாடி வளர்ந்த நெல்லைப் பெரியவர் ஒருவர் உங்கள் சபையின் பின்வரிசையில் மௌனமாக அமர்ந்திருக்கக்கூடும். அவரைத் தேடிப்போய் அழையுங்கள். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை அவரருகே நிறுத்துங்கள். நான்கு பருவம் பாடினால் மொழியும் நாவில் தங்கும். காணிக்கை யாருடைய தேவைக்கு என்பதையும் முதல் பயிற்சி நாளிலேயே தீர்மானித்துவிடுங்கள்.

1 நாளாகமம் 25ஆம் அதிகாரத்தை இந்த வாரம் குடும்பமாக வாசியுங்கள். தாவீது நியமித்த பாடகர்கள் 288 பேர், 24 வகுப்பினர். முறை குறிக்கச் சீட்டுப் போட்டபோது சிறியவன், பெரியவன், ஆசான், மாணாக்கன் என்ற வேறுபாடு பார்க்கப்படவில்லை. அங்கே குரலின் அளவைக்கொண்டு யாரும் ஒதுக்கப்படவில்லை.

அன்பானவர்களே, இந்த ஜனவரியில் பாட்டுத் தாள்களை அலமாரிக்குள் வைக்குமுன், அடுத்த பருவத்தின் பொருளை அவற்றின் மேல் எழுதிவையுங்கள்.