வாய்க்கால் பேச்சு: ஆற்றுக்கு யோசனை சொல்ல யாரைக் கூப்பிடுவது?

கேள்வி: 'எனக்கு ஊர் தாராசுரம். அரசலாற்றுப் பாசனத்தில் மூன்று ஏக்கர் நிலம். கல்லணைக் கால்வாயில் தரையிலும் கான்கிரீட் போட்டதைப் பார்த்துவிட்டு வந்த என் மைத்துனர், "நாளைக்கு உங்க ஆத்துக்கும் இதே கதிதான் அத்தான்" என்கிறார். விசாரித்தால் "நிபுணர்கள் சொன்னது" என்கிறார்கள். யார் அந்த நிபுணர்? அவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? நாங்கள் கேள்வி கேட்க முடியுமா?'

பதில்: முடியும். கேட்கவும் வேண்டும். ஆனால் அரசலாறும் கல்லணைக் கால்வாயும் ஒன்றல்ல என்பதை முதலில் மனதில் வையுங்கள்.

கல்லணைக் கால்வாய் என்கிற புதாறு, மேட்டூர் அணையோடு சேர்த்து வெட்டி 1934-ல் முடிந்தது. சுமார் 148 கிலோமீட்டர் நீளம். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் 2.27 லட்சம் ஏக்கருக்குப் பாசனம். மேட்டு நிலத்தில் மனிதன் வெட்டிய வாய்க்கால் அது. வழியில் தண்ணீர் கசிந்தால் கடைமடைக்குப் போய்ச் சேராது. அதனால்தான் 2,640 கோடி ரூபாயில் நவீனப்படுத்தும் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். பக்கச்சுவரைப் பலரும் ஏற்றுக்கொண்டார்கள். தரையிலும் கான்கிரீட் போட்டால் நிலத்தடி நீர் என்னாவது என்றுதான் கரையோர விவசாயிகள் எதிர்த்தார்கள்.

உங்கள் அரசலாறு காவிரியிலிருந்து பிரிகிற பழைய ஆறு, அடியில் மணல். ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கீழே இறங்குவதைத்தான் கோடையில் உங்கள் பில்டர் பாயிண்ட் மேலே இழுக்கிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கும் முன்பே குறுவைக்கு நாற்று விட்டுவிடுகிறீர்களே, அது எந்தத் தண்ணீர்? ஆற்றின் தரையை மூடினால் அந்த நாற்றங்காலுக்கு மேல் கை வைத்ததாகும். கடைமடைக்காரருக்குக் கசிவு நஷ்டம், உங்களுக்கு அதே கசிவு வரவு. இந்த இரண்டையும் ஒரே தலையில் வைத்து யோசிக்கத் தெரிந்தவரே இங்கே வேண்டிய பொறியாளர்.

அப்படி ஒருவர் நமக்கு வாய்த்திருக்கிறார். கொள்ளிடம் தாழ்வாக இருந்ததால் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம் ஓடி, காவிரி மணல்மேடாகிக்கொண்டிருந்த காலம். ஆர்தர் காட்டன் கல்லணையைக் கூர்ந்து பார்த்து, ஆழம் தெரியாத மணலில் நம் முன்னோர் எப்படி அஸ்திவாரம் போட்டார்கள் என்று கற்றுக்கொண்டுதான் முக்கொம்பில் மேலணை கட்டினார். 1836-ல் முடிந்தது. காட்டனைக் கும்பிடுகிறவர்கள் ஒன்றைச் சொல்ல மறந்துவிடுவார்கள். மேலணை கட்டியபின் காவிரியில் தேவைக்கு மேல் தண்ணீர் பாய்ந்தது. 1840-களில் அங்கே காவிரிக்கும் குறுக்கே ஓர் அணை கட்டித்தான் சரிசெய்தார்கள். கெட்டிக்காரருடைய கணக்கும் இந்த ஆற்றில் பிசகும். ஆகவே திட்டம் போட்டவரே அதைச் சரிபார்ப்பவராகவும் இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

வெளிநாட்டுப் பெரிய பெயர்களைக் கண்டு மயங்கவும் வேண்டாம். பனாமா கால்வாய்க்காக 1905-ல் அமெரிக்கா 13 பொறியாளர் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தது. அவர்களில் ஐந்து பேர் ஐரோப்பியர். எட்டுப் பேர், சூயஸ் போலக் கடல் மட்டத்துக்கே தோண்டிவிடலாம் என்றார்கள். ஐந்து பேர், மதகுப் படிகள் வைத்துக் கப்பலை ஏற்றி இறக்க வேண்டும் என்றார்கள். சூயஸ் மழையில்லாத பாலைவனம். பனாமாவிலோ சாக்ரெஸ் என்ற காட்டாறு குறுக்கே ஓடுகிறது. அங்கேயே தங்கி வேலை பார்த்த தலைமைப் பொறியாளர் ஸ்டீவன்ஸ், மழைக்காலத்தில் அந்த ஆற்றின் வெள்ளத்தை நேரில் பார்த்தவர். அவர் சிறுபான்மையின் பக்கம் நின்றார். 1906-ல் அதையே முடிவாக எடுத்தார்கள். 1914-ல் கப்பல் போனது. தலைகளை மட்டும் எண்ணியிருந்தால் வேறு விதமாக முடிந்திருக்கும்.

இனி, தேர்ந்தெடுப்பது யார் என்ற கேள்வி. மாநில நீர்வளத்துறை விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கும். மத்திய அரசின் பணம் வேண்டுமென்றால் மத்திய நீர்வள ஆணையம் அதைப் பரிசீலிக்கும். ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் வெண்ணாறு பகுதியில் நடந்தது போன்ற திட்டங்களில் ஆலோசனை நிறுவனங்களை டெண்டர் விட்டு, மதிப்பெண் போட்டு எடுப்பார்கள். கடன் கொடுப்பவரின் விதிப்படி மக்களிடம் கருத்துக் கேட்டாக வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு நாம் போவதில்லை. தண்டோரா கேட்கவில்லை என்போம், இல்லையென்றால் அன்றைக்கு நடவு என்போம்.

காவிரி மேலாண்மை ஆணையம் 2018-ல் அமைந்தபோது முழுநேர உறுப்பினர் இருவரில் ஒருவர் நீர்வளப் பொறியாளர், மற்றவர் வேளாண்மைத் துறையிலிருந்து வர வேண்டும் என்றே விதி செய்தார்கள். அதே முறையை உங்கள் ஆற்றுக்கும் கேளுங்கள். தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் மண் மற்றும் நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்திலேயே ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம். திருச்சி துவாக்குடியில் பாசன மேலாண்மைப் பயிற்சி நிலையம். கான்கிரீட் கணக்கு போடுகிறவர் பக்கத்தில் இவர்களில் ஒருவராவது உட்காரட்டும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டுத் திட்ட அறிக்கையின் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். 'கான்கிரீட் போடுவீர்களா?' என்று கேட்காதீர்கள், ஒரு வரியில் பதில் வந்துவிடும். 'கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்ட அளவு என்ன, எந்தெந்த வருடம் எடுத்தது, கசிவை எந்த இடத்தில் அளந்தீர்கள், அறிக்கை தயாரித்தது யார், சரிபார்த்தது யார்?' என்று கேளுங்கள். வருகிற பதிலை எடுத்துக்கொண்டு, தனியாகப் போகாமல் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தோடு குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போங்கள்.

அதற்கு முன்னால் இன்னொரு வேலை. உங்கள் பில்டர் பாயிண்டிலும் பக்கத்துக் கொல்லைக் கிணற்றிலும் மாதம் ஒரு முறை கயிறு விட்டுத் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வாருங்கள். ஆற்றில் தண்ணீர் வந்த நாளையும் நின்ற நாளையும் அதிலேயே குறியுங்கள். இரண்டு வருடக் கணக்கு கையில் இருந்தால் எந்த நிபுணரும் உட்கார்ந்து பேசுவார். உங்கள் மைத்துனரையும் ஒரத்தநாட்டுப் பக்கம் இதே போல எழுதச் சொல்லுங்கள். இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கும் ஆசை.