நம்ம ஆளுங்க ஏரியா!

லாஸ்பேட்டையில் வீடு பார்த்து வருகிறேன். எந்தப் புரோக்கரானாலும் தண்ணீர், ரோடு எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "பயப்படாதீங்க சார், சுத்தி நம்ம ஆளுங்கதான்" என்கிறார். என் ஜாதி அவருக்குத் தெரியாது. ஆனாலும் 'நம்ம ஆளுங்க'!

பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியில் கால்வாய்க்கு அந்தப்பக்கம் வெள்ளையர், இந்தப்பக்கம் கறுப்பர் என்று பகிரங்கமாகவே பிரித்தான். இந்தப்பக்கம் நாம் சும்மா இருந்தோமா? செட்டித் தெரு, வெள்ளாளர் தெரு! லாஸ்பேட்டையில் எல்லாமே அசோக் நகர், கிருஷ்ணா நகர். ஜாதி போர்டிலிருந்து இறங்கி, புரோக்கர் வாயில் குடியேறிவிட்டது.

தமிழ்நாட்டில் 1997-ல் வந்த சமத்துவபுரத்தில் நூறு வீட்டில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. கலந்து வாழ சர்க்காரே கணக்குப் போட வேண்டியிருந்தது!

நம் கணக்கு சுலபம். அட்வான்ஸ் கொடுக்குமுன் அந்தத் தெருவில் நாலு வீட்டில், "மாடி போர்ஷன் வாடகைக்குக் கிடைக்குமா?" என்று கேளுங்கள். வாடகையைச் சொன்னால் வாங்கலாம். "நீங்க என்ன ஆளுங்க?" என்றால் திரும்பிவிடுங்கள். நாளைக்கு உங்கள் பையன் வீட்டுக்குக் கூட்டிவரும் சிநேகிதனிடமும் அதையேதான் கேட்பார்கள்.